மழைச் சத்தம் போட்டுத் தூங்கச் சொல்லும் செயலி: எனக்கு மட்டும்தான் இப்படி ஆகிறதா?

நாணமேட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் நாணமேட்டில் இருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. காற்று அடங்கியதும் கண்டம் தப்பியது என்றுதான் நினைத்தோம். அதற்கு அப்புறம்தான் சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். டிசம்பர் 2-ம் தேதி தென்பெண்ணை எங்கள் ஊருக்குள் வந்தது. மாமியாரை என் வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டார், மகளை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன், பக்கத்து மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாடியில் இருந்தபோது கீழே எங்கள் வீட்டுக்குள் காஸ் சிலிண்டர் மிதந்து சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. டங், டங் என்று. அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், ராத்திரி ஆஸ்பெஸ்டாஸ் மேல் நாலு சொட்டு விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வாசல்படியைப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன், ஈரமாக இருக்கிறதா என்று. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் தலையணை பக்கத்திலேயே இருக்கின்றன. பாண்டி பஸ்ஸில் போனால் தென்பெண்ணைப் பாலம் வரும்போது உள்ளங்கை வேர்க்கிறது. அதனால் நாத்தனார் வீட்டுக்குப் போவதையே தள்ளிப்போடுகிறேன். மகள் தண்ணீர்க் குடத்தைத் தடால் என்று வைத்தால் கத்திவிடுகிறேன். அவள் பாவம்.

சென்னையில் இருக்கும் அக்கா பையன் வந்தபோது என் போனில் ஒரு தியானச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். “சித்தி, தினமும் பத்து நிமிஷம் பண்ணுங்க, டென்ஷன் போயிடும்” என்றான். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் இருக்கும் சின்னப் பயிற்சியைச் செய்கிறேன். பாதம் தரையில் படுவதை உணருங்கள், கை மடியில் இருப்பதை உணருங்கள் என்று வரும். அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. மின்வாரிய பில்லுக்கும் பான் கார்டுக்கும் வந்து சத்தம் போடுகிறவர்களிடம் நிதானமாகப் பேச முடிகிறது.

பிரச்சினை ராத்திரிதான். தூக்கத்துக்கு என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதைப் போட்டால் பின்னணியில் மழை. கூரையில் மழை, கூடாரத்தில் மழை, ஓடை, கடல் அலை. எல்லாமே தண்ணீர். அதோடு “கண்ணை மூடுங்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள்” என்கிறது அந்தக் குரல். மூடிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைக்கிறது, சிலிண்டர் இடிக்கும் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது. ஒருமுறை போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். “சங்கடமான உணர்வு வருவது இயல்பு, அதோடேயே இருங்கள்” என்று அது பேசிக்கொண்டே இருந்தது.

என் கேள்விகள் இவைதான். இப்படி ஆவது எனக்கு மட்டும்தானா? பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் சரியாகிவிடுமா? இல்லை, இது செயலியால் தீருகிற விஷயமே இல்லையா? என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் “எல்லாருக்கும்தானே வெள்ளம் வந்தது, எல்லாரும் சரியாகிட்டாங்களே” என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வருடக் கட்டணம் வேறு கட்டச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது.

வில்லியனூர் எழுதியது:

சகோதரி, உங்கள் பெரிய கேள்விக்குப் பதில் சொல்கிற படிப்பு எனக்கு இல்லை. கட்டண விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே செய்ய வேண்டியது. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் பணம் தானாகவே எடுத்துக்கொள்வார்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற இடத்தில் போய் ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ வழியாக இணைத்திருந்தால் நீங்கள் பயன்படுத்தும் ஜிபே, போன்பே எதுவோ அதில் ஆட்டோபே என்ற பகுதியிலும் பாருங்கள். அக்கா பையன் அவன் கணக்கில் ஏற்றியிருந்தால் அவனிடம்தான் ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. தானே புயலில் (2011 டிசம்பர் 30) எங்கள் மாமா பண்ருட்டி பக்கம் பலாத் தோப்பு முழுவதையும் இழந்தார். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் அதே நஷ்டம்தான். அவர் மறு வருஷமே கன்று வைத்தார், மாமா வெகுகாலம் தோப்புப் பக்கமே போகவில்லை. மாமா கோழையும் இல்லை, சோம்பேறியும் இல்லை.

சிங்காரத்தோப்பு எழுதியது:

தங்கச்சி, உனக்கு மட்டும் இல்லை. உன் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் வீட்டு வேலை அப்படியே கிடக்கிறது, பரவாயில்லை.

நான் சிங்காரத்தோப்பில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பெண். நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். எங்கள் தெருவில் யார் யார் என்று இங்கே எழுத மாட்டேன். அப்போது வெளியிலிருந்து வந்தவர்கள் எங்களை உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். அது உதவியது. ஆனால் பயம் போகவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அங்கன்வாடி வேலையும் கிடைத்து, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் டிவியில் அந்தப் படங்களைப் போடும்போது எனக்குக் காது அடைத்துவிடும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் தூக்கமே போய்விட்டது.

நானும் செயலி போட்டுப் பார்த்தவள்தான், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்கிறபடி இல்லை, என் வசதிப்படி. இதை நீ அழுத்தமாக மனதில் வைத்துக்கொள்: அந்தக் குரலுக்கு நீ கீழ்ப்படிய வேண்டியதில்லை. அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு அலைச் சத்தம் என்றால் லீவு நாள். மழைச் சத்தம் என்றால் போர்வை. நமக்கு அப்படி இல்லை. அதனால் பின்னணிச் சத்தத்தை முதலில் அணைத்துவிடு. பெரும்பாலான செயலிகளில் குரலுக்குத் தனி, பின்னணிக்குத் தனி என்று ஒலி அளவு இருக்கும். இல்லாவிட்டால் அந்தத் தூக்கப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

கண்ணை மூடாதே. எனக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த முதல் விஷயமே இதுதான். கண் திறந்திருந்தால் சுவர் காய்ந்திருப்பது தெரியும், தரை காய்ந்திருப்பது தெரியும், மகள் தூங்குவது தெரியும். மூடினால் உள்ளே ஓடுகிற படம் மட்டும்தான். கதவைப் பார்த்தபடி உட்காரு, முதுகு சுவரில் படட்டும்.

மூச்சையும் விட்டுவிடு, கொஞ்ச நாளைக்கு. பயத்தில் முதலில் மாறுவதே மூச்சுதான். அதைக் கவனி என்றால் பயத்தையே கவனி என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது சிலருக்கு. உனக்குப் பாதமும் கையும் ஒத்துவருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அதையே பிடித்துக்கொள். நான் கையில் எதையாவது வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் புளியங்கொட்டை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்க வைத்திருப்போமே, அதில் ஒரு பிடி. வழவழப்பு, விளிம்பு, சூடு என்று விரலால் பார்ப்பேன். அப்புறம் அறைக்குள் தெரியும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்வேன். குத்துவிளக்கு, காலண்டர், மகனின் சைக்கிள் சாவி, இப்படி. தொட முடிகிறது நாலு, கேட்கிறது மூன்று, வாசனை இரண்டு, ருசி ஒன்று என்று இறங்கி வர வேண்டும். வாசனைக்கு எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறி முகர்வேன். முகத்தில் சில்லென்று தண்ணீர் அடித்துக்கொள்ளச் சொல்வார்கள், அது எனக்கு ஆகவே ஆகாது, உனக்கும் ஆகாது என்று நினைக்கிறேன்.

நேரமும் முக்கியம். ராத்திரி படுக்கையில் புதிதாக எதையும் பழகாதே. பகலில், வெளிச்சத்தில், மனசு நன்றாக இருக்கும் நேரத்தில் பழகியதுதான் ராத்திரி கைகொடுக்கும். பத்து நிமிஷமெல்லாம் வேண்டாம், இரண்டு மூன்று நிமிஷம் போதும்.

நெஞ்சு அடைத்தால் நிறுத்திவிடு. “அதோடேயே இருங்கள்” என்கிறதே, அது சாதாரண மனச்சங்கடத்துக்குச் சொன்னது. கால் வலிக்கிறது, போரடிக்கிறது, நாளைக்குச் சீட்டுப் பணம் கட்டணும் என்கிற கவலை, இதற்கெல்லாம் சரி. செத்துப்போய்விடுவோம் என்று உடம்பு நடுங்கும்போது அதோடேயே இருக்கச் சொல்ல ஒரு பதிவு செய்த குரலுக்கு உரிமை கிடையாது. உன் முகம் வெளுப்பது அதற்குத் தெரியாது. நீ எழுந்து வெளியே ஓடினாயே, அதுதான் சரி.

வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றாயே. என் வீட்டுக்காரரை ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூடவே அழைத்துப் போனேன். டாக்டர் சொன்னதை அவர் காதால் கேட்டார். அதற்கு அப்புறம் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. இப்போது மழை வந்தால் அவரே எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு “காய்ஞ்சிருக்கு, படு” என்பார்.

கோரிமேடு எழுதியது:

நான் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம், சிகிச்சை ஆகாது. சிங்காரத்தோப்பு அக்கா சொன்னதில் பெரும்பகுதியை நானும் அப்படியே சொல்வேன். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன், அதற்கு வருகிறேன்.

முதலில் நாணமேடு சகோதரிக்கு. அந்தச் சம்பவம் மறுபடி நடப்பது போல வருவது, அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, எப்போதும் உஷாராக இருந்து சின்னச் சத்தத்துக்கும் அதிர்வது. இந்த மூன்றும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயாக (ஆங்கிலத்தில் பி.டி.எஸ்.டி) இருக்குமா என்று ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் மூன்றும் தெரிகிறது. இது உங்களுக்கு இருக்கிறது என்று நான் முடிவு சொல்லவில்லை, பார்த்துவிடுங்கள் என்கிறேன். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை, கண் அசைவோடு செய்கிற ஈ.எம்.டி.ஆர் ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் தருவார். அது தூக்க மாத்திரை அல்ல, அடிமையாக்கும் வகையும் அல்ல. நீங்களாக நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது செயலி. இந்தச் செயலிகளில் பலவற்றுக்கும் மூலம் ஜான் கபட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. அதிர்ச்சி அறிகுறிகளுக்கு அது உதவுமா என்று 116 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். மிதமான பலன் இருந்தது. ஆனால் அது குழுவாக உட்கார்ந்து, எதிரே பயிற்சி பெற்ற ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்தது. ஒருவர் திணறினால் ஆசிரியர் பார்ப்பார், கண்ணைத் திறக்கச் சொல்வார், வெளியே அழைத்துப் போவார். தனியாக, இருட்டில், போனை வைத்துக்கொண்டு செய்யும்போது அந்த மனிதர் இல்லை. அங்கே கிடைத்த பலன் இங்கேயும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தியானத்தின்போது பயம், பழைய நினைவு, தூக்கமின்மை போன்றவை கிளம்புவதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் என்பவர் பல வருடங்களாக ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார். நீங்கள் ஏதோ தப்பாகச் செய்ததால் வந்ததல்ல.

தொடர்ந்து செய்ய முடியவில்லை என்ற குற்ற உணர்வும் வேண்டாம். 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அலசி 2019-ல் வந்த ஆய்வில், ஏற்றியவர்களில் 30-ம் நாளிலும் திறந்து பார்த்தவர்கள் நடுமதிப்பாக 3.3 சதவீதம்தான்.

அன்றாட மன உளைச்சலுக்கு, உங்கள் கடை நேரத்துச் சின்னப் பயிற்சி மாதிரி, இது நல்ல கருவி. அதை விட வேண்டாம். அதிர்ச்சி நினைவுகளைக் குணப்படுத்த அதை மட்டும் நம்ப வேண்டாம். இதுதான் என் நிலைப்பாடு, இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வேறுபடுகிறேன் என்றேனே, அது இதுதான். மழைச் சத்தத்தை இப்போதைக்கு அணைப்பது சரி. ஆனால் நிரந்தரமாக எல்லா மழையையும் எல்லாப் பாலத்தையும் தவிர்த்துக்கொண்டே போனால், பயம் சுருங்காது. இன்று பாலம், நாளை பஸ், அப்புறம் வாசல் என்று அது இடம் பிடிக்கும். மழையையும் தென்பெண்ணையையும் மறுபடி சந்திக்கத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க, சிறு சிறு படியாக, நீங்கள் சம்மதித்த வேகத்தில். செயலி ராத்திரியில் திடீரென்று காதுக்குள் மழையைக் கொட்டியது அந்த வகைச் சந்திப்பு அல்ல. ஏற்பாடு இல்லாமல் நடந்தது, அதனால்தான் புண்ணைக் கிளறியது.

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் கடையிலிருந்து பக்கம்தான். மாவட்ட மனநலத் திட்டம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஜிப்மர் வர முடிந்தால் கோரிமேட்டுக்கு வாருங்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தாங்க முடியாமல் போனால் 14416. டெலி-மானஸ் என்ற மத்திய அரசுத் திட்டம், 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். நீங்கள் அப்படி எழுதவில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

செயலிதான் வேண்டும் என்றால், அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2011-ல் வெளியிட்ட பி.டி.எஸ்.டி கோச் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். ஆனால் இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை, நமக்குப் பிடித்த பாட்டையும் படத்தையும் நாமே சேர்த்துக்கொள்ளலாம். இணையத் தனியுரிமைக்காக வேலை செய்யும் மொசில்லா அறக்கட்டளை 2022-ல் மனநலச் செயலிகளும் பிரார்த்தனைச் செயலிகளுமாக 32-ஐ ஆராய்ந்து, 28-க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது. பி.டி.எஸ்.டி கோச் அதில் நல்ல பெயர் வாங்கிய சிலவற்றில் ஒன்று. மற்ற எதில் ஆனாலும் “இன்று எப்படி உணர்கிறீர்கள்” என்று கேட்டால் உங்கள் கதையை முழுவதுமாக அதில் எழுதாதீர்கள்.

நாணமேட்டுக்காரி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. பிளே ஸ்டோரில் பார்த்தேன், என் கணக்கில்தான் இருந்தது, ரத்து செய்துவிட்டேன். கடைக்கு எடுத்து வரும் பையில் எலுமிச்சம்பழம் போட்டிருக்கிறேன். சிங்காரத்தோப்பு அக்கா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது “எந்தக் கிழமை போகணும்?” என்று கேட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் எழுந்து உட்காரும்போதெல்லாம் என் மாமியாரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். கேட்டால் வயசாச்சு, தூக்கம் வரலை என்பார். வெள்ளத்துக்கு முன்னால் அவர் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார். அவருக்குப் போன் பார்க்கத் தெரியாது, செயலியெல்லாம் ஆகாது. அவரையும் அழைத்துப் போகலாமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று கேட்பாரோ என்று பயமாக இருக்கிறது.

சிங்காரத்தோப்பு எழுதியது:

கட்டாயம் அழைத்துப் போ. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கத்துக்காகக் காட்டப் போகிறோம் என்று சொல், அது பொய்யும் இல்லை. பிரஷர், சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். இரண்டு பேருக்கும் தனித்தனி ஓ.பி. சீட்டு போடு. ஒரே சீட்டில் போனால் நீ அவரைப் பற்றியே பேசிவிட்டு உன் கதையைச் சொல்லாமல் வந்துவிடுவாய்.